ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கொத்தனாராக இருந்தவர், தவறி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. மகனுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.சி. கோட்டாவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஒரு வருஷமாகச் சபைக்குப் போய்வருகிறான். வருகிற ஈஸ்டருக்கு முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்கிறான். ‘சர்டிபிகேட்டில் எதையும் மாற்ற வேண்டாம், அது உலகக் காரியம்’ என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். என் தம்பியோ ‘எல்லாச் சலுகையும் போய்விடும், ஜெயிலுக்கும் போவான்’ என்று பயமுறுத்துகிறான். மகள் பி.எட். முடித்துவிட்டு டிஆர்பி பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. எங்கள் சாதிதான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். கல்யாணத்தைச் சர்ச்சில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவள் சான்றிதழும் போய்விடுமா? என் வீட்டில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாதா படமும் மாட்டியிருக்கிறேன். அதை எடுத்துவிட வேண்டுமா?

பதில்:

அம்மா, உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி வீண் பயம். பாஸ்டர் கொடுத்திருக்கும் யோசனைதான் ஆபத்தானது. மகள் விஷயம் இதைவிடச் சிக்கல், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மகன். பதினெட்டு முடிந்தவர், மேஜர். மனசாட்சிப்படி எந்த மதத்தையும் ஏற்கவும் கடைப்பிடிக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நீங்களோ உங்கள் தம்பியோ அதைத் தடுக்க முடியாது. தமிழ்நாட்டில் இதற்காகக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டியதும் இல்லை. 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று வந்தது. மதம் மாறினால் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் இன்று இருக்கிற முன்னறிவிப்பு, விசாரணை எதுவும் இங்கே கிடையாது. ஆகவே ஞானஸ்நானம் எடுத்ததற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. எடுத்த பிறகும் பழைய சான்றிதழை நீட்டினால்தான் வில்லங்கம்.

அந்த வில்லங்கம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். பட்டியல் சாதிகள் எவை என்று 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஓர் ஆணை வெளியிட்டார். அதில் மூன்றாவது பத்தி இரண்டு மூன்று வரிதான் இருக்கும். இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் சாரம். பஞ்சாபில் நான்கு சீக்கிய சாதிகளுக்கு மட்டும் அப்போதே விலக்குக் கொடுத்தார்கள். 1956-இல் சீக்கியர் எல்லோரையும் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். அம்பேத்கர் நாக்பூரில் தீட்சை எடுத்தது 1956 அக்டோபர் 14. அவரை நம்பிப் பின்னால் போனவர்களுக்கு மத்திய அரசின் பட்டியல் திரும்பக் கிடைக்க முப்பத்து நான்கு வருஷம் ஆயிற்று. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். வெள்ளைக்காரன் 1936-இல் போட்ட பட்டியலிலேயே இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை என்று எழுதியிருந்தான். சுதந்திரம் வந்த பிறகும் அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை, பழங்குடியினர் பட்டியலுக்கு இப்படி ஒரு மத நிபந்தனையே கிடையாது. ஜவ்வாது மலையில் ஒரு பழங்குடிக் குடும்பம் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போனாலும் எஸ்.டி. சான்றிதழ் அவர்கள் கையிலேயே இருக்கும்.

இந்தப் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. சூசை என்று பெயர். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் இப்படிச் சாலையோரம் தொழில் செய்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே வேலையைச் செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கடை கிடைத்தது, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான சூசைக்குக் கிடைக்கவில்லை. 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறினாலும் சாதி கூடவே வரலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் இந்து சமூகத்தில் இருந்த கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் வைக்கவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது.

ஆதாரத்துக்குத் தமிழ்நாட்டில் என்ன பஞ்சம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமாகப் பிரியும் கோவிலையே கட்டினார்கள், ஒரு பக்கம் ஒரு சாதி, மறு பக்கம் இன்னொரு சாதி. நடுவிலிருந்த சுவரை 1910-இல் பாதிரியார் இடித்தார். இடித்தது தப்பு என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், தோற்றார்கள். அது வேளாளருக்கும் நாடாருக்கும் நடந்த தகராறு. அவர்களுக்கிடையிலேயே அப்படியென்றால் சேரிக்காரருக்கு எங்கே இடம் இருந்திருக்கும்? என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்த மூன்றாவது பத்தி நியாயமில்லாதது. ஒருவர் எந்த சாமியைக் கும்பிடுகிறார் என்பதை வைத்து அவர் பட்ட இழிவை அரசாங்கம் அளக்கக் கூடாது. 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றுதான் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதையே கேட்டுத் தீர்மானம் போட்டது. மத்திய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, இரண்டு வருஷம் கெடு கொடுத்து, பிறகு கெடுவை நீட்டித்தது. 2004-இல் போட்ட வழக்கு ஒன்று இருபது வருஷத்துக்கு மேல் உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. இந்த வேகத்தை நம்பி உங்கள் மகன் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். இன்றைக்கு இருக்கிற சட்டத்தை வைத்தே பேசுவோம்.

இன்றைய சட்டப்படி எது மதமாற்றம், எது இல்லை? உங்களுக்கு இதுதான் முக்கியம், இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவர், பட்டியல் சாதி இந்து. கிறிஸ்தவரை மணந்தவர். அவருடைய கிளினிக்குக்குப் போன அதிகாரிகள் சுவரில் சிலுவை மாட்டியிருப்பதைப் பார்த்தார்கள். கணவரோடு சர்ச்சுக்கும் போகிறார் என்று எழுதிக்கொண்டார்கள். 2013-இல் சாதிச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் சர்ச்சுக்குப் போவதும் சுவரில் சிலுவை தொங்குவதும் ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்பதற்கு ஆதாரம் ஆகாது, அதிகாரிகள் குறுகிய மனத்தோடு நடந்திருக்கிறார்கள் என்று கடிந்தே எழுதினார்கள் நீதிபதிகள்.

இன்னொன்று புதுச்சேரிப் பெண் ஒருவருடையது. அரசு எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார், நான் இந்துதான் என்றார். ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு ஆலயத்தில் இருந்தது. பெற்றோரின் கல்யாணம் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவாகியிருந்தது. அவர் தவறாமல் சர்ச்சுக்குப் போய்வந்ததும் விசாரணையில் தெரிந்தது. இந்து மதத்துக்குத் திரும்பினார் என்று காட்ட ஒரு சடங்கோ ஓர் அறிவிப்போ இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நம்பிக்கை எதுவும் இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தையே ஏமாற்றுவது என்று கடுமையாகவும் சொன்னது.

சிலுவை தப்பித்தது, பதிவேடு மாட்டிக்கொண்டது. உங்கள் மகன் ஒரு வருஷமாகச் சபைக்குப் போகிறார், பாட்டுப் பாடுகிறார், பைபிள் படிக்கிறார். இதனால் மட்டும் அவர் சான்றிதழுக்கு ஆபத்து இல்லை. ஈஸ்டர் அன்று தண்ணீரில் இறங்கி எழுந்து, சபையின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து கதை வேறு. சடங்கே நடக்காவிட்டாலும் மனதார மாறி அதற்கேற்ப நடந்துகொண்டால் மதமாற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் பெருமாள் நாடார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது கிறிஸ்தவப் பெண் ஒருவர் இந்துவானதைப் பற்றிய வழக்கு என்றாலும் அளவுகோல் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். சடங்கும் நடந்து, பதிவும் இருந்தால் வாதாட எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

‘சர்டிபிகேட்டைத் தொட வேண்டாம்’ என்று பாஸ்டர் சொல்வது புதிதல்ல. வட மாவட்டங்களில் பாதிக் குடும்பம் இப்படித்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். பல வருஷத்துக்கு முன் ஒரு விசாரணைக்குக் கட்சிக்காரரோடு போயிருந்தேன். வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்து, முதல் நாள் இரவே முருகன் காலண்டர் ஒன்றை வாங்கி முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். புதுக் காலண்டர், மடிப்புக்கூட விரியவில்லை. ஆய்வாளர் அதைப் பார்க்கவே இல்லை. காலண்டருக்கு மேலே பார்த்தார். பதினைந்து வருஷப் புகையில் பழுப்பேறிப்போன சுண்ணாம்புச் சுவரில், ஒரு முழ உயரத்துக்குச் சிலுவை வடிவத்தில் மட்டும் வெள்ளை பளிச்சென்று இருந்தது. ஆணியையும் பிடுங்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்தப் பையன் ரயில்வே வேலைக்கு எழுதியிருந்தான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொய்ச் சான்றிதழில் வாங்கிய வேலையை ‘இத்தனை வருஷம் உழைத்துவிட்டாரே’ என்று பாவம் பார்த்து விட்டுவைக்க முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இருபது வருஷம் கழித்துப் பதவி உயர்வில் போட்டிக்கு நிற்கிற ஒருவர் மொட்டைக் கடிதாசி போடுவார். சாதிச் சான்றிதழ் சரிபார்ப்புக் குழுவுக்குப் போகும், சபைப் பதிவேட்டைக் கேட்பார்கள். பாஸ்டர் அப்போது வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். இப்போது பயந்து வாழ்கிற அவசியம் உங்கள் மகனுக்கு எதற்கு?

ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவுசெய்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். இப்போது படிக்கும் சீட் போகாது. சேர்ந்த நாளில் அவர் இந்து, கொடுத்த சான்று உண்மை. இதுவரை வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லவும் முகாந்திரம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நிரப்பும் எந்த விண்ணப்பத்திலும், உதவித்தொகைப் புதுப்பித்தல் உட்பட, மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதக் கூடாது. இ-சேவை மையத்தில் புதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கட்டும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், பி.சி. மத்திய அரசுப் பட்டியலில் ஓ.பி.சி. பழைய சான்றிதழ், ஞானஸ்நானச் சான்று இரண்டையும் இணைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக மாநில அரசு கொடுக்கும் கல்வி உதவித்தொகை மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. ஆகவே படிப்பு நின்றுவிடும் என்று நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலைக்கு நிற்கும்போது வித்தியாசம் தெரியும். மாநில அரசில் எஸ்.சி.க்கு 18 சதவீதம், முஸ்லிம் நீங்கலாகப் பி.சி.க்கு 26.5 சதவீதம். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டாவதில் போட்டி போடுபவர்கள் வசதியிலும் படிப்பிலும் ஏற்கெனவே முன்னால் நிற்பவர்கள். மத்திய அரசில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், வருஷ வருமானம் எட்டு லட்சத்துக்கு மேல் போனால் கிரீமிலேயர் என்று தள்ளிவிடுவார்கள். அங்கன்வாடிச் சம்பளத்தில் உங்கள் வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

தனித்தொகுதியில், ரிசர்வ் பஞ்சாயத்தில் நிற்க முடியாது. அதையாவது விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்தப் பாதுகாப்பும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்தான். ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு பாதிரியார் கொடுத்த புகாரில், மதம் மாறியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. தெருவில் சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திட்டுவதில்லை. உங்கள் ஊரில் அப்படிப்பட்ட தகராறு உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இதை மகனிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சொத்து விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். மதம் மாறியதால் உங்கள் மகனுக்கு அப்பா வழிச் சொத்திலோ உங்கள் சொத்திலோ பங்கு போகாது. அந்த உரிமையைக் காக்க 1850-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் அவர் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள் இந்துவாக இல்லாவிட்டால், உயில் இல்லாமல் நீங்கள் போய்ச் சேரும்போது பேரன் பேத்தி என்ற முறையில் உங்கள் சொத்துக்கு வாரிசாக வர முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆவது பிரிவு. வீட்டுமனை உங்கள் பெயரில் இருந்தால் ஒரு உயில் எழுதிவைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

‘வேலை வேண்டும்போது திரும்பி இந்துவாகிவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். சட்டத்தில் அந்தக் கதவு இருக்கிறது. கேரளாவில் தாத்தா காலத்தில் மாறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் திரும்பி வந்ததை உச்ச நீதிமன்றம் 2015-இல் ஏற்றது. குடும்பம் முன்பு இந்தச் சாதியில் இருந்ததற்கு ஆதாரம், திரும்பி வந்ததற்கு ஆதாரம், சாதிசனம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம் என்று மூன்றையும் கேட்டது. மனதார வருபவருக்கு அது வழி. போட்டித் தேர்வு அறிவிப்பு வந்ததும் வருபவருக்குப் புதுச்சேரித் தீர்ப்புத்தான்.

இனி மகள். கல்யாணத்தால் யாருடைய சாதியும் மாறாது. பட்டியல் சாதிக்காரரைக் கட்டிக்கொண்டால் அந்தச் சாதி வராது, கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டால் இருக்கிற சாதி போகாது. கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். நீங்கள் அதை எழுதவில்லை. பெரும்பாலும் பத்திரிகை அடிக்கிற நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும், அப்போது பெண் வீட்டாரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது. ஆகவே மகள் இந்துவாகவே இருந்துகொண்டு சர்ச்சில் மணமுடிக்கச் சட்டத்தில் தடை இல்லை. சபை ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கேள்வி. கத்தோலிக்கர் என்றால் பங்குச் சாமியார் மூலம் ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம், வாங்கிப் பலர் கல்யாணம் செய்திருக்கிறார்கள். மற்ற சபைகளில் ஆயர் ஒத்துக்கொண்டால் உண்டு, சில பெந்தெகொஸ்தே சபைகளில் பேச்சே எடுபடாது. அப்படிச் சர்ச்சில் நடந்தால் பதிவேட்டில் மகளின் மதம் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூ மாலையும் போட்டோகிராபரும் நெருக்கும் நேரத்தில் யாரும் வாசிப்பதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷம் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

தேவிகுளம் எம்.எல்.ஏ. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். திருநெல்வேலிப் பக்கமிருந்து மூணாறுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம். தேவாலயப் பதிவேட்டில் குடும்பத்தார் பெயர் இருக்கிறது, அவர் கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நின்றது செல்லாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர் வென்றது செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினர், பெரிய வக்கீல்களை வைத்து டெல்லி வரை போனார். உங்கள் மகள் ஒரு டீச்சர் வேலைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சபை மசியவில்லை என்றால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாம். இருவரில் ஒருவர் அந்தப் பகுதியில் முப்பது நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அது பலகையில் முப்பது நாள் ஒட்டியிருந்து, ஆட்சேபனை இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. பிறகு சர்ச்சில் ஆசீர்வாத ஜெபம் வைத்துக்கொள்ள அவர்கள் மனம் வைத்தால் அது தனி. ‘கோவிலில் தாலி கட்டி ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம், அல்லது சுயமரியாதைக் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஊரில் யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுமே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவை, இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டப்படி செய்துகொண்ட கல்யாணம் செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழைக் காப்பாற்றப் போய்க் கல்யாணமே இல்லாமல் போய்விடும்.

பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தால் அவர்கள் பி.சி. அதை மகளும் மருமகனும் பேசி முடிவுசெய்யட்டும். மகளின் சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மாதா படத்தை எடுக்காதீர்கள், அம்மா. வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்துக்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? நீங்கள் அங்கன்வாடியில் கொடுத்த சான்றிதழ் உண்மையானது. ஒரு படத்தால் அது பொய்யாகாது. யாராவது வந்து கேட்டால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள், புதுக் காலண்டர் எதுவும் வாங்கி மாட்ட வேண்டாம்.

மகளுடைய டிஆர்பி விண்ணப்பத்தின் நகல், அவருடைய சாதிச் சான்றிதழ், மாப்பிள்ளையின் சபை எது என்ற விவரம் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே அனுப்புங்கள்.